வெளியே சிராய்ப்பு, உள்ளே ரத்தம்

போன மாசம் என் ரூம்மேட் பைக்ல இருந்து விழுந்துட்டான். ராத்திரி நேரம், வேளச்சேரி பக்கம், மழை. எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணும் இல்ல மச்சான், சிராய்ப்புதான்"னு சொன்னான். நானும் நம்பினேன். "ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுத் தூங்குடா"ன்னு சொன்னது நான்தான்.

அரை மணி நேரம் கழிச்சு, அடிபடாத இடது தோள் வலிக்குதுன்னான். ஏதோ சரியில்லைன்னு தோணுச்சு. எமர்ஜென்சிக்குப் போனோம்.

அங்க இருந்த சிஸ்டர் முழங்கை சிராய்ப்பைக் கண்டுக்கவே இல்ல. "தம்பி, எப்படி விழுந்தீங்க? ஹேண்டில்பார் எங்க குத்துச்சு?" இதுதான் முதல் கேள்வி. இடது விலாவுக்குக் கீழேன்னு காட்டினான். பல்ஸ் 118. பிபி நார்மல்.

"பிபி நல்லாதானே இருக்கு சிஸ்டர்?"ன்னு கேட்டேன்.

"அது கடைசியிலதான் தம்பி இறங்கும்."

ஸ்கேன்ல மண்ணீரல் கிழிஞ்சிருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். கத்தி, கம்பி மாதிரி உள்ளே பாயும் காயம் ஒரு வகை. அது கண்ணுக்குத் தெரியும். மோதல், விழுதல், நசுங்கல் எல்லாம் மழுங்கிய காயம். இதில் தோல் கிழியாமலேயே மண்ணீரலோ கல்லீரலோ கிழியலாம். அதனால்தான் காயத்தைவிட, அடி விழுந்த விதத்தை முதலில் கேட்கிறார்கள். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது, வலி தோளில் தெரியும்.

பிபி? நம்ம உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ஒன்றரை லிட்டர் வரை போனாலும், இதயம் வேகமாகத் துடித்து, ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிபியைத் தாங்கிப் பிடிக்கலாம். நம்ம ஆபீஸ் டாஷ்போர்டு மாதிரிதான்: எல்லாம் பச்சையா இருக்கும், பின்னாடி சர்வர் மூச்சு வாங்கிட்டிருக்கும்.

மூணு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோங்க. உடம்பில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீங்க. அதுவே ரத்தத்தை அடைச்சு வெச்சிருக்கலாம். கழுத்தில் அடின்னு சந்தேகம் வந்தா ஆட்டாம 108-ஐக் கூப்பிடுங்க. செலவை நினைச்சுத் தயங்காதீங்க. 2021 டிசம்பரில் தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

அவனுக்கு ஆபரேஷன் தேவைப்படல. சில நாள் ஐசியூ கண்காணிப்பு, அவ்வளவுதான். இப்போ பக்கத்து ரூம்லதான் தூங்கறான். அந்த மாத்திரையோட அன்னைக்கே தூங்கியிருந்தா?

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.