கத்தி பிடிக்கும் கைக்குத் தமிழ்

(வள்ளூரில் நிகழ்த்தப்பெற்ற உரை)



அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் நிழலிடும் இவ்வூரிலிருந்து நெஞ்சகப் பிணியோடும் கட்டியோடும் இசுடான்லி மருத்துவமனைக்குச் செல்வோர் உளர். அங்கு வெட்டியெடுக்கப்பெற்ற கட்டி பின்னர் என்னாகின்றது என்று கேட்போர்தாம் இலர்.

பார்மலின் நிரம்பிய குடுவையில் அது நோயியல் ஆய்வகத்திற்கு வருகின்றது. ஆங்கொருவர் குடுவைச் சீட்டையும் மருத்துவர் தாளையும் ஒப்பிடுகின்றார். இழையத்தை அளந்து, எடையிட்டு, வெட்டு விளிம்புகளுக்கு மை தீட்டி, நோயுற்ற இடந்தேர்ந்து சிறு துண்டுகளாக அறுக்கின்றார். எரிசாராயம் நீரை வாங்க, மெழுகு உள்ளேற, நுண்வெட்டி அதனை மூன்று நான்கு மைக்ரான் தடிப்பிற்குச் சீவ, சாயமேற்றிய பின்னரே வல்லுநரின் கண் நுண்ணோக்கியிற் பதியும். அறுத்த இடம் பிழையாயின், எத்துணைப் பெரிய வல்லுநரும் புற்றைக் காணார். மை தீட்டாது விட்டாலோ, புற்று முற்றும் அகன்றதா, விளிம்பில் எஞ்சிற்றா என்று உறுதிசொல்ல இயலாது. ஓர் உயிர் அந்தக் கையில் இருக்கின்றது!

அமெரிக்காவில் இதற்கென்றே 'நோயியல் துணைவர்' எனும் தொழில் உண்டு. 1969-இல் தியூக் பல்கலைக்கழகத்தில் முதற் பயிற்சி தொடங்கிற்று. இங்கோ அப்பெயரில் தனிப்பணி வேரூன்றவில்லை; இளமருத்துவரும் ஆய்வக நுட்பரும் பகிர்ந்து செய்கின்றனர். வள்ளூர்ப் பிள்ளைக்கு அண்மை வழி, மேனிலைப் பள்ளி அறிவியலுக்குப் பின் ஆய்வக நுட்பப் பட்டயமோ பட்டமோதான். வாயில் திறந்தே கிடக்கின்றது. ஆனால் வாயிற்படியில் ஆங்கிலம் குந்தியிருக்கின்றது. தமிழ்வழி பயின்ற மாணவி, கைத்திறன் இருந்தும், பொருள் விளங்காச் சொற்களை நெட்டுருச் செய்கின்றாள்.

தமிழில் இவையெல்லாம் ஆகுமா என்று உதடு பிதுக்குவோர் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நோக்குக. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1848-இல் அங்கு மருத்துவம் பயிற்றத் தொடங்கினார், முதலில் ஆங்கிலத்தில். அவ்வாறு பயின்றோர் அரசுப்பணி தேடி வேற்றூர் போயினர். சிற்றூர்கள் மருத்துவரின்றிக் கிடந்தன. ஆகவே 1860-களில் தமிழுக்கு மாறினார். ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார். தமிழ்வழியே 33 மருத்துவர் உருவாயினர். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்று வடசொற்பெயரிட்டது குறைதான்; எனினும் அயலார் ஒருவர் முன்வந்து செய்ததைத் தமிழரே தொடரவில்லையே, அதனினும் பெருங்குறை ஏது?

சொல்லுக்குப் பஞ்சமில்லை. கெட்டி, நெகிழ்வு, நார், கணு, முடிச்சு, கொப்புளம், பழுப்பு, வெளிறல்: இழையத்தைக் கண்டு எழுத வேண்டுவன பெரும்பாலும் இவைதாம். எண்ணூர்க் கடற்கரையில் மீன் அரியும் பெண்டிர்க்கு இவற்றுள் தெரியாதது எது? மருத்துவருக்குச் செல்லும் அறிக்கை இப்போதைக்கு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். பயிற்சிநூல் தமிழில் வரட்டும். குடுவை, சீட்டு, அளவு, மை, அறுவை, பார்மலினின் நச்சு ஆகியவற்றை விளக்க நூறு பக்கம் போதும். இழையத்தைப்போற் பத்து மடங்கேனும் பார்மலின் ஊற்றுக என்று ஆய்வகச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுதற்கு எந்த அரசாணையும் வேண்டா.