காணி வந்த வழி

நெல்லியடியில் ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு, பிள்ளைகளின் பாடங்களோடு பெற்றோரின் காணி உறுதிகளையும் வாசித்துப் பொருள் சொல்ல வேண்டிய கடமை நெடுங்காலமாக வாய்த்திருக்கின்றது. அந்த அனுபவத்தைக் கொண்டே, காணி வாங்குவோருக்கும் வீட்டை வாடகைக்குக் கொடுப்போருக்கும் இன்று சில கூற விழைகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கடல் கடந்து வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எம்மூரில் இரண்டு பரப்புக் காணி வாங்கினார். விலை நியாயமானது, உறுதியும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டது. வீடு கட்டக் கல்லும் மணலும் வந்திறங்கிய பின்னரே, விற்றவரின் தமையனார் வேறொரு நாட்டிலிருந்து ஆட்சேபித்தார். அது இருவருக்கும் பொதுவான, பிரிக்கப்படாத பங்குக் காணி. கல்லும் மணலும் மழையில் நனைந்து கிடக்க, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பணநட்டம் ஒருபுறமிருக்க, சகோதரர் இருவரும் தாயாரின் ஈமக்கிரியையிற்கூட ஒருவரோடொருவர் பேசவில்லை.

ஆகவே, காணியின் விலையைக் கேட்குமுன் அது வந்த வழியைக் கேட்டல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துக் கூறுகின்றது. இவ்வகுப்பு ஏட்டோடு நின்றுவிட்ட ஒன்றன்று.

முதுசமாயின், பங்காளிகள் எத்துணைப் பேர், எங்கெங்கே வாழ்கின்றனர் என்பதை அறிதல் வேண்டும். பிரிக்கப்படாத பங்கு விற்கப்படும்போது, ஏனைய பங்காளிகளுக்கும் விற்பவரின் வாரிசுகளாகக் கூடியோருக்கும் முந்தி வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குகின்றது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். சீதனமாயின், தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் அதனை விற்க, 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேடியதேட்டமாயின், கணவன் மனைவியருள் ஒருவர் மரணசாசனமின்றி இறந்திருப்பின், அவருடைய தேட்டத்திற் பாதியே எஞ்சியவரைச் சேரும். மறுபாதி பிள்ளைகள் முதலிய வாரிசுகளுக்குரியது. விதவைத் தாயின் கையெழுத்து ஒன்று மட்டும் போதாது என்பது இதனாற் புலப்படும்.

இன்னுமொன்று. பதினாறு பரப்புச் சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். இத்துணைச் சிறு துண்டுகளாகக் காணி பிரிந்துள்ள எம் நாட்டில், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருத்தல் இன்றியமையாதது. தண்ணீரில்லாத காணியை வாங்கி, அயலவர் படலையில் வாளியோடு நிற்பது எவருக்கும் உவப்பானதன்று.

இனி, வீடு கொடுப்போருக்கு ஒரு சொல். ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை, 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன் எழுதப்படாவிடின் செல்லாது. பத்து ஆண்டுகள் இடையீடின்றி, உரியவரின் உரிமையை ஏற்காது, எதிர்நிலையில் ஆண்டவருக்கு ஆட்சியுரிமை உண்டாகலாம் என்கின்றது 1871ஆம் ஆண்டுச் சட்டம். வாடகை கொடுத்து இருப்பவர் உங்கள் உரிமையை ஏற்றே இருக்கின்றார். எனவே, மாதந்தோறும் பற்றுச்சீட்டு எழுதி, அடித்துண்டைப் பேணுங்கள். உறவினரை இலவசமாகக் குடியிருத்தினாலும், உங்கள் அனுமதியோடே இருக்கின்றார் என்பதற்கு ஒரு கடிதம் எழுதி வாங்குங்கள். "சொந்தத்துக்குள் கடதாசி எதற்கு?" என்பர் சிலர். சொந்தம் நிலைக்க வேண்டுமென்பதற்காகவே கடதாசி வேண்டும் என்பேன்.

வெளிநாட்டிலிருந்து அற்றோணித் தத்துவம் கொடுப்போரும், பொதுவாக அது கொடுத்தவரின் மரணத்தோடு முடிவுறும் என்பதை மறத்தலாகாது. அதன் பேரில் விற்கப்படும் காணியை வாங்குவோர், கொடுத்தவர் உயிரோடிருக்கின்றாரா என்று விசாரித்தல் வேண்டும்.

காணிப் பதிவகத்தில் ஒருநாள் காத்திருப்பதும், சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்பதும் வீண்செலவல்ல. என் மாணவர் அன்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருப்பின், தமையனும் தம்பியும் இன்று ஒரே முற்றத்தில் நிற்பார்கள்.