தூய காற்றும் ஏழையின் வண்டியும்

இன்று காற்றைப்பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் கூறியதும், உங்களில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். "விலைவாசி விண்ணை முட்டுகிறது, படித்தவனுக்கு வேலை கிடைக்கவில்லை, இந்த வேளையிலே காற்றைப்பற்றியா பேச்சு?" என்று அந்தப் பார்வை கேட்டது. கேட்கவேண்டிய கேள்விதான், நான் குறைகூற மாட்டேன். ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். அரிசி விலை ஏறினால், அரை வயிற்றுக் கஞ்சியோடு ஒரு வேளையைத் தள்ளலாம். துணி விலை ஏறினால், கிழிந்ததைத் தைத்து உடுத்தலாம். காற்று கெட்டுவிட்டால்? அரை மூச்சு விட்டு வாழ்ந்தவர் உண்டா? செல்வருக்குத் தோட்டம் சூழ்ந்த மாளிகை இருக்கிறது. கோடையிலே குளிர்மலை இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்திலே, வண்டிப் புகைக்கு நடுவிலே குடியிருப்பவனுக்குப் போக்கிடம் ஏது? யார் எந்தக் காற்றைச் சுவாசிப்பது என்பதைச் செல்வமும் வறுமையும் முடிவுசெய்கின்றன என்றால், அது அரசியலன்றி வேறென்ன?

இதனை விளக்க உங்களை இலண்டன் மாநகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அந்த ஊரின் அழகைக் காட்டுவதற்காக அன்று. அந்த ஊர் செய்த தவறுகளையும், அந்தத் தவறுகளைத் திருத்திக்கொள்ள அது பட்ட பாட்டையும் காட்டுவதற்காக.

1952-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இலண்டன் தெருக்களிலே மின்சார டிராம் வண்டிகளின் ஓட்டம் முடிவுற்றது. பழமைச் சின்னம் என்று பழித்து, அவற்றின் இடத்திலே டீசல் பஸ்களைக் கொண்டுவந்தனர். ஐந்து திங்கள் சென்றன. டிசம்பர் 5-ஆம் நாள், புகையும் பனியும் கலந்த கரும்போர்வை ஒன்று நகரை மூடிற்று. 9-ஆம் நாள்வரை விலகவில்லை. பட்டப்பகலில் எதிரே வருபவர் முகம் தெரியவில்லை. மூச்சுத் திணறி மாண்டோர் 4,000 பேர் என்று அன்று கணக்கிட்டனர். பின்னாளில் ஆராய்ந்தோர், அந்த எண்ணிக்கை 12,000 வரை இருக்கும் என்றனர். டீசல் பஸ்தான் இத்தனை பேரையும் கொன்றது என்று நான் கூறவில்லை, அது உண்மையுமன்று. வீட்டு அடுப்புகளும் ஆலைகளும் கக்கிய நிலக்கரிப் புகையே பெருங்காரணம். ஆனால், புகையிலே மூழ்கிக்கொண்டிருந்த ஒரு நகரம், புகையில்லா வண்டியை ஒழித்துப் புகைவண்டியை ஓடவிட்டதே, அந்தக் குருட்டுத்தனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. நிலக்கரிப் புகை மெல்லமெல்ல விலகிற்று. வானம் வெளுத்தது, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால், கண்ணுக்குத் தெரிந்த எதிரி போனதும், கண்ணுக்குத் தெரியாத எதிரி நுழைந்தான். மோட்டார் வண்டியின் வால்குழாய் வழியே வரும் நைட்ரஜன் டையாக்சைடு என்னும் நச்சுவளி, நுரையீரலின் ஆழத்திலே சென்று படியும் நுண்துகள், இவைதாம் அந்தப் புதிய எதிரி. கரும்புகையைக் கண்டால் மக்கள் கொதித்தெழுவர். காணாத நஞ்சைக் கண்டித்து ஊர்வலம் போவது எளிதா?

இந்த எதிரியோடு போரிடும் பொறுப்பு யாரிடம் வந்தது? நகரப் போக்குவரத்து நிறுவனத்திடம். 1986-இல் தாட்சர் அம்மையாரின் அரசு, இலண்டன் பெருநகர மன்றத்தையே கலைத்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் அந்த மாநகருக்கென்று ஒரு பொது மன்றம் இல்லை. 2000-இல்தான் மக்கள் தேர்ந்தெடுக்கும் மேயர் பதவி தோன்றிற்று. அவர் தலைமையிலே போக்குவரத்து நிறுவனம் ஒன்றும் அமைந்தது. பஸ்ஸும் பெருஞ்சாலையும் ஒரே கையில்! நிலத்தடி இரயிலும் 2003-இல் அதே கைக்கு வந்தது. மூன்றும் மூன்று இலாகாக்களிலே சிதறிக் கிடந்தால் என்ன ஆகும்? சாலை இலாகா மோட்டாருக்கு வழி அகலமாக்கும். பஸ் இலாகா ஆளில்லை என்று அழும். காற்றின் கேட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதிகாரம் மக்களுக்கு அருகிலே, ஒரே இடத்திலே இருந்ததால்தான் அடுத்த அடி எடுத்துவைக்க முடிந்தது.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், நகரின் நடுப்பகுதிக்குள் மோட்டாரில் நுழைவோர் நாளொன்றுக்கு 5 பவுன் கட்டவேண்டும் என்ற விதி நடப்புக்கு வந்தது. மேயர் கென் லிவிங்ஸ்டன் அதைக் கொணர்ந்தபோது, வணிகம் அழியும், நகரம் வெறிச்சோடும் என்று ஆரூடம் கூறாதவர் இல்லை. அழிந்ததா? இல்லை. உள்ளே நுழைந்த நாற்சக்கர வண்டிகள் முதலாண்டிலேயே நூற்றுக்கு 18 குறைந்தன. கட்டணம் தொடங்கிய நாளிலேயே ஏறக்குறைய 300 பஸ்கள் கூடுதலாக ஓடின. கிடைத்த பணத்தைப் போக்குவரத்துக்கே செலவிடவேண்டும் என்று சட்டம் கட்டளையிட்டிருந்தது. கையை நீட்டி வாங்கியவர், மறு கையால் பஸ்ஸைக் கொடுத்தார். இந்த முறையை மறந்துவிடாதீர்கள், பின்னால் பயன்படும்.

இதற்கிடையே இங்கிலாந்து அரசு ஒரு பெரும்பிழை செய்தது. உலகம் வெப்பமுறுகிறது, கரியமில வாயுவைக் குறைக்கவேண்டும் என்று விஞ்ஞானிகள் எச்சரித்தனர். நல்ல எச்சரிக்கை. அரசு என்ன செய்தது? 2001 முதல், கரியமில வாயுவின் அளவைக்கொண்டு மோட்டார் வரியை வகுத்தது. டீசல் வண்டி அந்த வாயுவைச் சற்றுக் குறைவாக வெளியிடும். ஆகவே அதற்கு வரி குறைவு. மக்கள் டீசலுக்குத் தாவினர். ஆனால், டீசல் கக்கும் நைட்ரஜன் நஞ்சோ அதிகம்! போதாக்குறைக்கு, சோதனைக்கூடத்திலே நல்லபிள்ளையாக நடித்து, சாலையிலே நஞ்சு கக்கும்படித் தன் வண்டிகளை அமைத்திருந்ததாக 2015-இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் ஒப்புக்கொண்டது. உலகின் வெப்பத்தைத் தணிக்க ஒரு திட்டம், நகரின் மூச்சைக் காக்க வேறொரு திட்டம் என்று பிரித்துப் பார்த்ததன் விளைவு இது. இரண்டும் ஒரே குழாயிலிருந்து வருபவை அல்லவா? ஒன்றை அடைத்து மற்றொன்றைத் திறந்துவிடுவது அறிவுடைமையாகுமா?

அந்தப் பிழைகளின் விலையைக் கொடுத்தவர் யார்? அரசியல் தலைவர்களா? மோட்டார் முதலாளிகளா? கேளுங்கள், தோழர்களே!

தெற்கு இலண்டனிலே, தெற்கு வட்டச் சாலை என்னும் ஓயாத பெருஞ்சாலைக்கு அருகே, எல்லா அடூ கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமி தன் தாயோடு வாழ்ந்துவந்தாள். கடுமையான ஆஸ்துமா. மூன்றாண்டுகளில் இருபது தடவைக்கு மேல் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றனர். 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவள் மாண்டாள். வயது ஒன்பது. மூச்சுக்கோளாறு என்று எழுதிக் கோப்பை மூடினர். தாய் மூடவிடவில்லை. ஆசிரியையாகப் பணியாற்றியவர் அவர். ஏழாண்டுகளுக்கு மேல் போராடினார். மறு விசாரணையைப் பெற்றார். 2020-ஆம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது: காற்றின் மாசு அந்தக் குழந்தையின் சாவுக்குக் காரணங்களில் ஒன்று. அந்நாட்டிலே ஒரு தனி மனித உயிரின் சாவுக்குக் காரணமாகக் காற்று மாசு குறிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. புள்ளிவிவரத்திலே புதைந்து கிடந்த ஆயிரக்கணக்கானோருக்கு, ஒரு சிறுமியின் பெயர் முகம் கொடுத்தது.

2019 ஏப்ரலில், மிகக்குறைந்த புகை வளையம் என்ற திட்டம் நடுநகரிலே தொடங்கிற்று. இதனை முதலில் உறுதிசெய்தவர், 2015-இல் மேயராக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் போரிஸ் ஜான்சன். முன்கூட்டித் தொடங்கியவர், அவருக்குப் பின்வந்த தொழிற்கட்சி மேயர் சாதிக் கான். குறித்த தரத்துக்குக் கீழ்ப்பட்ட பழைய கார்களும் வேன்களும் ஓடினால், நாளொன்றுக்கு 12.50 பவுன். 2021 அக்டோபரில், வளையத்தை வடக்கு, தெற்கு வட்டச் சாலைகள்வரை விரித்தனர். ஆனால், எல்லையாக நின்ற அந்தச் சாலைகள் மட்டும் வளையத்துக்கு வெளியே! எந்தச் சாலையின் புகை அந்தக் குழந்தையை வதைத்ததோ, அந்தச் சாலை மேலும் ஏறத்தாழ இரண்டாண்டு காத்திருக்கவேண்டியதாயிற்று. 2023 ஆகஸ்ட் 29-ஆம் நாள், நகரம் முழுவதும் வளையத்துக்குள் வந்தது.

இங்கேதான் நாம் பாடம் படிக்கவேண்டிய கட்டம் வருகிறது. புறநகரிலே எதிர்ப்பு மூண்டது. இரவிலே காமிராக்களை வெட்டிச் சாய்த்தனர். ஐந்து உள்ளாட்சி மன்றங்கள் நீதிமன்றம் ஏறித் தோற்றன. 2023 ஜூலையில் அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியிலே இடைத்தேர்தல். தொழிற்கட்சி எளிதில் வெல்லும் என்று எண்ணினர். 495 வாக்குகளில் தோற்றது. "வளையந்தான் வீழ்த்தியது" என்று கட்சித் தலைமையே மேயர் பக்கம் விரலை நீட்டிற்று. திட்டத்தைப் பெற்றெடுத்த கன்சர்வேடிவ் கட்சியோ, அதைக் காட்டியே வாக்குக் கேட்டது!

எதிர்த்தோர் எல்லோரும் கொடியவரா? இல்லை. பழைய வேனிலே கருவிகளை ஏற்றிக்கொண்டு விடியுமுன் வேலைக்குப் புறப்படும் குழாய்த் தொழிலாளி அதில் இருந்தான். இரவுப் பணி முடிந்து, பஸ் இல்லாத நேரத்திலே வீடு திரும்பும் மருத்துவமனைத் தாதி இருந்தாள். "காற்று தூய்மையாகட்டும், அதற்கு என் வண்டிதானா பலி?" என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியிலே நியாயம் இல்லையா? இருக்கிறது. ஆனால், மறுபக்க உண்மையும் ஒன்றுண்டு: இலண்டனில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்ட குடும்பங்களுக்குக் காரே கிடையாது, அவர்களிலே ஏழைகளே மிகுதி. கார் இல்லாதவன், கார் உள்ளவனின் புகையைச் சுவாசிக்கிறான். ஆகவே, "ஏழைக்காகப் பேசுகிறோம், வளையத்தை ஒழி!" என்று முழங்கியவர்கள், பாதி ஏழையை மட்டுமே பார்த்தார்கள். "காற்றுக்காகப் பேசுகிறோம், கட்டணம் கட்டு!" என்று மட்டும் சொன்னவர்களோ, மற்றப் பாதியை மறந்தார்கள்.

செய்திருக்க வேண்டியது என்ன? பழைய வண்டியை ஒப்படைப்போருக்கு உதவித்தொகை வைத்தனர். காருக்கு 2,000 பவுன்வரை. ஆனால், தொடக்கத்திலே அது உதவித்தொகை பெறும் ஏழைகள், ஊனமுற்றோர், சிறு வணிகர் ஆகியோருக்கே. கையேந்தும் நிலையிலும் இல்லாமல், புது வண்டி வாங்கும் நிலையிலும் இல்லாமல் நடுவிலே நின்ற உழைப்பாளிக்கு இல்லை. இடைத்தேர்தலிலே அடி விழுந்த பிறகுதான், ஆகஸ்டிலே, எல்லா இலண்டன்வாசிகளுக்கும் கதவு திறந்தது. புறநகர்களை இணைக்கும் விரைவு பஸ் வரிசையையும் அந்த ஆண்டிலேதான் தொடங்கினர். முதலில் பஸ், பிறகு உதவி, கடைசியிலே கட்டணம் என்று வந்திருக்கவேண்டிய வரிசை, தலைகீழாக வந்தது. 2003-இன் பாடத்தை 2023-இல் மறந்தனர். கொள்கை பிழையன்று, தோழர்களே, வரிசை பிழை!

ஆயினும் மேயர் பின்வாங்கவில்லை. 2024 மே மாதம் மூன்றாம் தடவையாக வென்றார். 2017-இல் நடுநகரிலே ஓடிய வண்டிகளிலே தரமுடையவை நூற்றுக்கு 39. விரிவாக்கத்துக்குப் பின் நகர் முழுவதிலும் ஏறத்தாழ 95. போக்குவரத்து நிறுவனமும் ஊருக்கு உபதேசத்தோடு நின்றுவிடவில்லை. 2018 முதல், புதிதாக உரிமம் பெறும் டாக்சி புகையின்றி ஓடும் திறன் பெற்றிருக்கவேண்டும் என்றது. 2023-க்குள் தன் பஸ்களிலே 1,000-க்கு மேற்பட்டவற்றைப் புகையற்றவையாக்கிற்று. 2034-க்குள் எல்லாவற்றையும் அவ்வாறாக்க உறுதிபூண்டிருக்கிறது. 1952-இல் துரத்திய மின்சாரத்தை மீண்டும் அழைத்து வந்து ஆசனமிட்டிருக்கிறது!

இத்துடன் கடமை முடிந்ததா? இல்லை. உலக வெப்பம் வாயிற்படிக்கே வந்துவிட்டது. 2021 ஜூலையில் கொட்டிய மழையிலே இரயில் நிலையங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. 2022 ஜூலை 19-ஆம் நாள், அந்தக் குளிர்நாட்டிலே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிற்று. இன்றியமையாத பயணம் தவிர வேறு வேண்டாம் என்று நிறுவனமே மக்களை வேண்டிக்கொண்டது. மின்வண்டியும் டயர்த்தூளையும் பிரேக்குத்தூளையும் கிளப்புகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. காருக்குக் கார் மின்காராக மாறினால் மட்டும் போதாது. காரே தேவைப்படாத அளவுக்குப் பஸ்ஸும் இரயிலும் பெருகவேண்டும்.

இலண்டனைப் பார்த்து நகைக்க நமக்கும் உரிமை இல்லை. நம் சென்னையிலே 1895 முதல் மின்சார டிராம் ஓடிற்று. இலண்டன் நிறுத்திய மறு ஆண்டே, 1953 ஏப்ரலில், நாமும் நிறுத்தினோம். 2025 ஜூனில் சென்னைத் தெருக்களிலே மாநகரப் பேருந்துக் கழகத்தின் சார்பில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. எழுபத்திரண்டு ஆண்டு இடைவெளி! நாளை நம் நகரங்களிலும் புகைக்கு வரம்பு கட்டும் நாள் வரும். அன்று பழைய ஆட்டோவும் பழைய சுமைவண்டியும் வைத்துப் பிழைப்போர் நம் வாசலிலே வந்து நிற்பார்கள். அவர்களிடம் என்ன சொல்லப்போகிறோம்?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறிவிட்டேன் என்று நம்புகிறேன். காற்றைப்பற்றிப் பேசுவது, கூலியைப்பற்றிப் பேசாமலிருப்பதன்று. உங்கள் ஊருக்குச் செல்லுங்கள். பெருஞ்சாலை ஓரத்துப் பள்ளி எது, அங்கே இருமும் குழந்தைகள் எத்தனை என்று கணக்கெடுங்கள். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் பிறகு பஸ் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டியலையும் ஒருங்கே வைத்துக் கோரிக்கை எழுப்புங்கள். ஒரு கையிலே குழந்தையின் மூச்சு. மறு கையிலே உழைப்பாளியின் வண்டி. இரண்டில் எதையும் கீழே போடாமல் நடக்கத் தெரிந்த கட்சியே மக்கள் கட்சி.