ராவாம பொருந்தணும்

போன வாரம் எபிசோட் வரலை, அதுக்கு முதல்ல ஸாரி. ஆபீஸ்ல ரிலீஸ் வாரம். அதைப் பத்தி நடுவுல சொல்றேன், ஏன்னா இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

டல்லாஸ்ல இருக்கற என் பெரியம்மா பையன் கூட போன மாசம் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் டீம்ல ஒருத்தர் சனி ஞாயிறுல வீட்டு கராஜ்ல உக்காந்து ஏஆர்-15 ரைஃபிள் அசெம்பிள் பண்றாராம். குழல் ஒரு கம்பெனி, பின்கட்டை இன்னொரு கம்பெனி, கைப்பிடி வேற யாரோ. நாம ரிச்சி ஸ்ட்ரீட் போய் மதர்போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ்னு தனித்தனியா வாங்கி பிசி கட்டற மாதிரி. நம்ம ஊர்ல லைசென்ஸ் இல்லாம இதைச் செஞ்சா ஆயுதச் சட்டத்துல உள்ள போகணும். அங்க பல மாநிலங்கள்ல இது ஹாபி. எனக்குத் துப்பாக்கி மேல ஆசையெல்லாம் கிடையாது. ஆனா அண்ணன் போற போக்குல ஒண்ணு சொன்னார்: "ஏஆர்-15 பார்ட்ஸ் யார்கிட்ட வாங்கினாலும் பெரும்பாலும் சேருமாம்டா. அதுக்கு மூத்தது ஏஆர்-10, அது வகையில வாங்கினா சேராதாம்."

இது எனக்கு விசித்திரமா இருந்தது. ரெண்டும் ஒரே குடும்பம். 1950கள்ல ஆர்மலைட் கம்பெனியில யூஜின் ஸ்டோனர் டிசைன் பண்ணது ஏஆர்-10. அதைச் சின்னதாக்கினா ஏஆர்-15. அப்புறம் ஏன் ஒண்ணு சேருது, இன்னொண்ணு சேரலை?

தேடிப் பார்த்தா காரணம் டிசைன்லயே இல்லை. ஏஆர்-15ஐ அமெரிக்க ராணுவம் எம்-16ன்னு எடுத்துக்கிச்சு. எடுத்துக்கிட்டதால ஒரு வரைபடத் தொகுப்பு வந்தது: இந்த ஓட்டை இவ்வளவு, கூடினா இவ்வளவு, குறைஞ்சா இவ்வளவு. பின்னாடி வந்த கம்பெனிங்க எல்லாம் அந்த அளவைச் சுத்தியே செஞ்சாங்க. பெரிய அண்ணனுக்கு அப்படி ஒரு பொதுவான வரைபடம் அமையலை. ஆளாளுக்கு ஒண்ணு வரைஞ்சாங்க, கடைசியில ரெண்டு முக்கியமான வம்சம் நின்னுச்சு. ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சித்தப்பா பெரியப்பா வீட்டு வேலித் தகராறு மாதிரி.

அதாவது 'கம்பேட்டிபிள்'ங்கறது ஒரு பார்ட்டுக்குள்ள இருக்கற குணம் இல்லை. ரெண்டு பார்ட்டுக்கும் வெளிய, மூணாவதா ஒரு அளவு இருக்கணும். அதை யாரோ காசு போட்டு உருவாக்கணும், யாரோ உக்காந்து ஒவ்வொண்ணையும் செக் பண்ணணும். டப்பா மேல 'மில்-ஸ்பெக்'னு அச்சடிச்சா மட்டும் அது நடந்துடாது.

இந்தக் கதை எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்தா, அங்கயும் துப்பாக்கிதான். 18ஆம் நூற்றாண்டு மஸ்கட் துப்பாக்கியில 'லாக்'னு ஒண்ணு இருக்கும். கதவுப் பூட்டு இல்லை. சிக்கிமுக்கிக் கல்லை அடிச்சு பொறி பறக்க வைக்கற விசை. ஒவ்வொரு லாக்கையும் ஒரு கொல்லர் அரம் வெச்சு ராவி ராவிப் பொருத்துவார். ஒரு துப்பாக்கியோட ஸ்பிரிங் இன்னொண்ணுல சேராது. போர்க்களத்துல ஸ்பிரிங் உடைஞ்சா அங்க ஒரு கொல்லர் வேணும். இல்லைன்னா உங்க கையில இருக்கறது ஒரு தடி.

பாரிஸ் பக்கத்துல வான்சேன்ங்கற இடத்துல ஒனோரே பிளாங்க்னு ஒரு கைவினைஞர் இதை மாத்தப் பார்த்தார். 1785ல அமெரிக்கத் தூதரா அங்க இருந்த தாமஸ் ஜெஃபர்சன் பட்டறைக்குப் போறார். ஐம்பது லாக்கோட பாகங்கள் பிரிச்சு வெச்சிருக்கு. கைக்கு வந்ததை எடுத்து அவரே பல லாக்கைச் சேர்த்துப் பார்க்கறார். சேருது. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதறார்.

இங்கதான் நம்ம ஆள் வர்றார். ஈலை விட்னி. பருத்திக் கொட்டை பிரிக்கற ஜின் மெஷினால பேர் வாங்கினவர், ஆனா பேட்டன்ட் வழக்குகள்ல பணத்தை விட்டவர். 1798ல அமெரிக்க அரசோட ஒப்பந்தம் போடறார்: 10,000 மஸ்கட், 1800 செப்டம்பருக்குள்ள. அவர்கிட்ட தொழிற்சாலையே கிடையாது. மஸ்கட் செஞ்ச அனுபவமும் கிடையாது. (சேல்ஸ் டீம்ல வேலை பாக்கற நண்பர்கள் இந்த இடத்துல லேசா சிரிப்பீங்க, தெரியும்.)

தேதி தாண்டிடுச்சு. 1801 ஜனவரியில வாஷிங்டன் போறார். அதிபர் ஆடம்ஸ், அடுத்து வரப்போற ஜெஃபர்சன், எல்லார் முன்னாடியும் ஒரு டெமோ. பத்து வெவ்வேற லாக்கை ஒரே மஸ்கட்ல, வெறும் ஸ்க்ரூட்ரைவர் வெச்சு மாத்தி மாத்திப் போட்டுக் காட்டறார். எல்லாரும் அசந்துட்டாங்க. அவகாசம் கிடைச்சது, முன்பணமும் வந்தது. பள்ளிப் பாடங்கள்ல ரொம்ப காலம் 'மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்களின் தந்தை'ன்னு அவர் பேர்தான்.

கவனிச்சுப் பாருங்க. முழு லாக்கை மரக்கட்டையில மாத்தறது ஒரு விஷயம். லாக்குக்குள்ள இருக்கற ஸ்பிரிங், குதிரை, திருகை மாத்தறது முற்றிலும் வேற விஷயம். முதலாவதுக்கு வெளி அளவு ஒத்துப்போனா போதும். பின்னாடி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துல எட்வின் பாட்டிசன் விட்னி மஸ்கட்டுகளைப் பிரிச்சுப் பார்த்தார். உள்ள இருக்கற பாகங்கள்ல 'இது இதோட ஜோடி'ன்னு தனித்தனியா குறி போட்டிருந்தது. எல்லாம் எல்லாத்துலயும் சேரும்னா குறி எதுக்கு? பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு மாறவும் இல்லை. டெமோவே முன்கூட்டி செட் பண்ணது தான்னு இப்ப வரலாற்றாசிரியர்கள் சொல்றாங்க. கடைசி மஸ்கட் போய்ச் சேர்ந்தது 1809 ஜனவரி. எட்டு வருஷத்துக்கு மேல லேட்.

சரி, இப்ப ரிலீஸ் வாரக் கதை. போன வருஷம் ஒரு கிளையன்ட்டுக்கு டெமோ. எங்க ஸ்டாக் மாட்யூலும், வேற டீமோட பில்லிங் மாட்யூலும் பேசிக்கணும். பேசலை. முந்தின ராத்திரி நடுவுல நான் ஒரு அடாப்டர் எழுதினேன். அதுக்குள்ள டெமோவுல வரப்போற பன்னெண்டு ஐட்டத்தோட ஐடி அப்படியே கையால எழுதி வெச்சிருந்தது. டெமோ அருமையா ஓடிச்சு. கைதட்டினாங்க, டீல் கையெழுத்தாச்சு. எனக்கு அந்த வருஷம் நல்ல ரேட்டிங். நிஜ இணைப்பைச் செய்யற வேலை புதுசா சேர்ந்த ரெண்டு பேர் தலையில விழுந்தது. அதுல ஒரு பொண்ணு கேட்டா: "அண்ணா, டெமோல எப்படிண்ணா ஓடிச்சு?" நான் சொன்னேன், "அது வேற பில்டும்மா."

நாலு மாசம் அவங்க சனிக்கிழமை எல்லாம் போச்சு. விட்னியைப் பத்திப் படிச்சப்ப எனக்குக் கோபம் வரலை. கூச்சமா இருந்தது.

விட்னி காட்டினதா சொன்னதை நிஜமா செஞ்சவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி அரசு ஆயுதசாலையில 1819ல ஆயிரம் ரைஃபிளுக்கு ஒப்பந்தம் போட்டார். சாரமா அவர் செஞ்சது ரெண்டு. ஒண்ணு, கேஜ். பாகம் இதுக்குள்ள போகணும், அதுக்குள்ள போகக்கூடாது, அவ்வளவுதான் கேள்வி. கண் பார்வை, அனுபவம் எதுவும் தேவையில்லை. ஒரு ரைஃபிளுக்கு இப்படி அறுபதுக்கும் மேல கேஜ். கேஜும் தேயும்ல? அதனால ஆயுதசாலைகள்ல பட்டறைக்கு ஒரு செட், பரிசோதகருக்கு ஒரு செட், ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க பெட்டியில பூட்டி வெச்ச மூல செட். டெஸ்டுக்கே டெஸ்ட்.

ரெண்டாவதுதான் எனக்குப் ரொம்பப் பிடிச்சது. ஒரு சுவத்துல அடிக்கு ஒண்ணா பத்து ஆணி அடிக்கணும்னு வைங்க. முந்தின ஆணியில இருந்து ஒவ்வொரு அடியா அளந்தீங்கன்னா சின்னச் சின்னத் தப்பு கூடிக்கிட்டே போகும். பத்தாவது ஆணி எங்கயோ இருக்கும். எல்லாத்தையும் ஒரே மூலையில இருந்து அளந்தா, தப்பு அந்த ஆணியோட நின்னுடும். ஹால் ஒவ்வொரு பாகத்துலயும் அப்படி ஒரே ஒரு புள்ளியை வெச்சுக்கிட்டார். எந்த மெஷின்ல ஏத்தினாலும் அளவு அங்க இருந்துதான்.

1826 முடியறப்ப அரசு ஒரு குழுவை அனுப்பிச்சு. நூறு ரைஃபிளைப் பிரிச்சு, பாகங்களைக் கலந்து, திரும்ப சேர்க்கச் சொன்னாங்க. சேர்ந்தது. 1834 வாக்குல, கனெக்டிகட்ல சிமியன் நார்த் செஞ்ச பாகங்களும் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி பாகங்களும் ஒண்ணுக்கொண்ணு மாறுச்சு. ரெண்டு ஊர், ரெண்டு பட்டறை, ஒரே கேஜ். ஆனா வழியெல்லாம் ஹாலுக்குத் திட்டு: செலவு ஜாஸ்தி, நேரம் ஜாஸ்தி. ஆமா, ஜாஸ்திதான். அரசாங்கம் விடாம காசு போட்டதாலதான் நடந்தது. ஹால் 1841ல செத்தார். பாடப் புத்தகத்துல விட்னி.

அந்த ஆயுதசாலை பழக்கம் தையல் மெஷின், சைக்கிள், கார்னு பரவிச்சு. சிவில் யுத்த சமயத்துல ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில வேலை பார்த்த ஹென்றி லேலண்ட் பின்னாடி கேடிலாக்கை நடத்தினார். 1908ல இங்கிலாந்துல புரூக்லாண்ட்ஸ் பந்தய மைதானத்துல மூணு கேடிலாக் காரை நட்டு போல்ட்டு வரைக்கும் பிரிச்சாங்க. குவியலைக் கலந்தாங்க. 89 பாகத்தை எடுத்துட்டு, ஸ்டாக்ல இருந்த புதுசைப் போட்டாங்க. சேர்த்து முடிச்சு, ஒவ்வொரு காரையும் 500 மைல் ஓட்டினாங்க. இதுவும் டெமோதான். ஆனா பாகத்தைக் கலந்தது கம்பெனிக்காரங்க இல்லை. நடத்தின ஆட்டோமொபைல் கிளப்.

போன வாரம் அந்தப் பொண்ணு பழைய பிராஞ்ச்ல என் அடாப்டரைக் கண்டுபிடிச்சுட்டா. கமிட்ல என் பேர், ராத்திரி ரெண்டு நாற்பது. எனக்கு லிங்க் மட்டும் அனுப்பினா, ஒரு வார்த்தை எழுதலை. நான் போய் நடந்ததைச் சொன்னேன், எங்க மேனேஜர்கிட்டயும் சொன்னேன். அவ ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "நாலு மாசம்ணா"ன்னு மட்டும் சொன்னா.

இப்ப ரெண்டு டீமுக்கும் நடுவுல பொதுவா ஒரே ஒரு ஸ்கீமா ஃபைல் இருக்கு. அவதான் ஓனர். அதுல பாஸ் ஆகாத எதுவும் மெர்ஜ் ஆகாது, யார் எழுதியிருந்தாலும். செவ்வாய்க்கிழமை என்னோட கோடு ரெண்டு தடவை ஃபெயில் ஆச்சு. அதான் எபிசோட் லேட்.

அடுத்த வாரம் திருகு மரையைப் பத்திப் பேசலாம். பை.