சாவி கொடுத்த கடிகாரம்

கைக்கடிகாரம் ஓடுகிறது என்கிறோம். மாணவ நண்பர்களே, உண்மையில் அது ஓடிவிடாதபடி தடுக்கப்படுகின்ற பொறியாகும்.

பக்கத்துக் குமிழைத் திருகிச் சாவி கொடுக்கும்போது, உள்ளே ஒரு சிறு பெட்டியில் எஃகுச் சுருள் இறுகுகிறது. தடையின்றி விட்டால் அது சில நொடிகளில் தளர்ந்துவிடும். முட்களும் பம்பரம்போற் சுழலும். அவ்வாறு நேராமற் காப்பது சக்கர வரிசையின் இறுதியிலுள்ள சிறு நெம்புகோல். அதன் இரு கைகளிலும் மாணிக்கக் கற்கள் பதிந்துள்ளன. ஒரு கல் சக்கரத்தின் பல்லைப் பிடித்து விடும். உடனே மறு கல் அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். 'டிக் டிக்' என்பது இந்தப் பிடியின் ஓசையே. எப்போது விடுவது என்று ஆணையிடுவது, மயிரிழை போன்ற சுருள்வில்லின் துணையால் முன்னும் பின்னும் ஆடுகின்ற சமன்சக்கரம். இவ்வில்லோடு கூடிய கடிகாரத்தை 1675-ல் உலகறியச் செய்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகென்ஸ்.

என் தந்தையார் அணிந்திருந்தது எச்.எம்.டி. ஜனதா. ஜப்பானியச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிலில் இறங்கிய நிறுவனத்தின் படைப்பு அது. நொடிக்கு 5 துடிப்பு, நாளொன்றுக்கு 4,32,000. அவற்றுள் 300 குறைந்தால் ஒரு நிமிடம் பிந்திவிடும்.

பல்லாண்டுகள் இழுப்பறையிற் கிடந்த அதற்கு ஆவலோடு சாவி கொடுத்தேன். அது என் பிழை. பழைய எண்ணெய் பிசினாகி, அதில் படிந்த தூசி அரம்போல் அச்சுமுனைகளை அராவிவிடும் என்பதைப் பழுது பார்த்த பெரியவரிடம் பின்னரே அறிந்தேன். அவர் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் பென்சீனிற் கழுவினார். கூரிய மரக்குச்சியால் கற்களின் துளைகளைத் துடைத்தார். ஊசிமுனை அளவே எண்ணெய் இட்டார். எண்ணெய் மிகுந்து சுருள்வில்லிற் படிந்தால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். வில் குறுகியதுபோலாகிக் கடிகாரம் முந்தி ஓடும். நெம்புகோலின் அச்சுக்கோ அவர் எண்ணெயே இடவில்லை. அத்துணை இலேசான உறுப்புக்கு எண்ணெயும் பாரமாம்!

"முகப்பைப் புதிதாக எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புது வண்ணம் பூசிய முகப்புகளோடு பழைய கடிகாரங்கள் எத்தனையோ விற்பனைக்கு வருகின்றன. கண்ணுக்கு அழகுதான், ஆனால் ஆலையில் அச்சிட்ட எழுத்து ஒருமுறை அழிந்தால் திரும்பாது. அந்நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிலை மூடவும் 2016-ல் மைய அரசு முடிவு செய்துவிட்டது.

மூன்று மணி எழுத்தருகே பழுப்புக் கறை ஒன்று அப்படியே இருக்கிறது. நாளொன்றுக்கு 20 நொடி பிந்துகிறது. காலையில் சாவி கொடுக்கும்போது வானொலி மணியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறேன்.