கடன்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமூகம் என்பது யாது? பலர் கூடியிருப்பதே சமூகம் என்றால் சந்தைக் கூட்டமும் சமூகந்தான். ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பிராக்கள் இருப்பதனால் மட்டும் ஒரு லயம் சமூகமாகிவிடாது. மனிதரைப் பிணைப்பது எது என்பதே கேள்வி.

நம் முன்னோரை இம்மலைகளில் முதலிற் பிணைத்தது கடன். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் அவர்களை விடாது தொடர்ந்தது. இத்தனை ரூபாய் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அம்முறை 1921-ல் சட்டத்தால் ஒழிந்தது. அதுவரை அவர்கள் கணக்கேட்டில் ஒரு தொகை, அவ்வளவே.

ஆயினும், அதே லயத்தில் வேறொரு கடனும் வளர்ந்தது. தமிழிற் கடன் என்றால் கடமை என்றும் பொருளுண்டல்லவா? ஒரு காம்பிராவிற் சாவு விழுந்தால், அன்றைய பேர் போனாலும் போகட்டும் என்று அயலவர் குழி வெட்டச் செல்கின்றனர். இக்கடனை எந்தத் துண்டிலும் எவரும் எழுதவில்லை.

இதனை உணர்ந்தோரே நம்மைச் சமூகமாக்கினர். நடேசையர் 1931-ல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டியெழுப்பினார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் நீத்தார்.

பின்னர் 1948-ம் ஆண்டுச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964-ம் ஆண்டு ஒப்பந்தம் இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பங்கிட்டது. மீண்டும் நாம் தொகையானோம். எத்தனையோ குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ல் வந்த சட்டமே பிரஜாவுரிமை வழங்கிற்று.

இளைஞர்களே! தனிமனிதன் மட்டுமா சமூகத்துக்குக் கடன்பட்டவன்? சமூகமும் அவனுக்குக் கடன்பட்டதே. சாவு வீட்டில் முன்னிற்கும் நாம், கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி பாடசாலையை விட்டுக் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் புறப்படும் நாளில் எங்கே நிற்கிறோம்? “அவர்கள் வீட்டு விஷயம்” என்று காம்பிராக் கதவைச் சாத்திக் கொள்கிறோமே!

இறந்தவனுக்குக் குழி வெட்டும் கைகள், வாழவேண்டியவளுக்கு வழி வெட்ட வேண்டாமா? ஒவ்வொரு காம்பிராவும் மாதந்தோறும் அரைப் பேரை ஒதுக்கினால், லயத்துப் பிள்ளை ஒன்றின் படிப்பு நிற்காது. அந்தக் கடனை அடைக்கத் தொடங்குவோமாக.