சட்டையை எண்ணிய அதிகாரி

(பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்த சங்கக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



சங்க மேடையில் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி என்ன பேச்சு என்று பின்வரிசையில் முணுமுணுப்பது நம் காதில் விழாமல் இல்லை. ஞாயிறு காலையில் பத்து பிரிங்கி சாலையில் பளபளக்கும் சட்டையோடு பறக்கிறார்களே, அந்தப் பொழுதுபோக்கைப் பற்றி நாம் பேச வரவில்லை. சைக்கிள் மிதித்தே வயிறு வளர்க்கிறவர்களைப் பற்றிப் பேச வந்தோம். நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1996இல் தொடங்கிய லங்காவி பந்தயத்தில், 2010ஆம் ஆண்டு ஒரு நாள் ஓட்டத்தை வென்றாரே அனுவார் மானான், அவர் அந்தத் தொழிலாளி. ஆனால், "நாங்களும் மனிதர்களே" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே நின்றவரைப் பார்க்க நாம் பிரான்சுக்குப் போக வேண்டும். அவர் பெயர் ஹென்றி பெலிசியே.

1889இல் பாரிசில் பிறந்தவர். 1911இல் சைக்கிளைத் தொழிலாகக் கொண்டார். அந்த ஆண்டே இத்தாலியின் லொம்பார்டி பந்தயத்தை வென்றார். 1919இலும் 1921இலும் பாரிஸ் - ரூபே பந்தயம் அவருக்கே. ஆனால் பிரான்சைச் சுற்றும் பெரிய பந்தயத்தில் அவருக்கும், அதை நடத்திய பத்திரிகை முதலாளி தெக்ராஞ்சுக்கும் ஒத்துப்போகவே இல்லை. 1920இல் பஞ்சரான டயரைச் சாலையோரம் வீசியதற்கு இரண்டு நிமிட அபராதம் போட்டார்கள். பெலிசியே பந்தயத்தை உதறிவிட்டு வீட்டுக்குப் போனார். கஷ்டம் தாங்கத் தெரியாத மனிதர் என்று தெக்ராஞ்சு எழுதினார். 1923இல் சுமார் 30 நிமிட வித்தியாசத்தில் அதே பந்தயத்தை வென்று காட்டினார் பெலிசியே.

டயர் என்றதும் நமக்கு ஒரு நினைவு. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். பிறகுதான் உலகத்துக்கு நம் கித்தா மரத்தின் மேல் ஆசை வந்தது. பெலிசியே வீசிய அந்த டயரின் பால் எந்த மங்கில் சொட்டியதோ, யார் கண்டார்!

1924ஆம் ஆண்டு. மொத்தம் 5,425 கிலோமீட்டர், 15 நாள் ஓட்டம். மூன்றாம் ஓட்டம் மட்டும் 405 கிலோமீட்டர். நாம் நெற்றி விளக்கோடு மரத்தடிக்குப் போவதற்கும் முன்னே, கும்மிருட்டில் புறப்பட வேண்டும். குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாகச் சட்டை போடுவார்கள். வெயில் ஏறியதும் கழற்றி வீசலாமா? கூடாது! புறப்படும்போது உடம்பில் இருந்தது முடியும்போதும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அன்று ஓர் அதிகாரி வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் பெலிசியேயின் சட்டையைத் தூக்கி, உள்ளே எத்தனை என்று பார்த்தார். பால் வாளிக்குள் கையை விட்டுத் துழாவும் மண்டோரை நாம் பார்த்ததில்லையா?

குத்தான்ஸ் என்ற ஊரில் பெலிசியே, தம்பி பிரான்சிஸ், தோழர் வில் மூவரும் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டார்கள். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பத்திரிகையாளர் ஆல்பர் லோந்த்ர் கண்டார். கண்ணுக்குக் கொக்கேயின், ஈறுக்குக் குளோரோபார்ம், அதன்மேல் மாத்திரைகள் என்று பையைத் திறந்து காட்டினார்கள். முந்தின ஆண்டுதான் கயானா தீவாந்தரக் கைதிகளின் துயரை எழுதியவர் லோந்த்ர். ஊரே படித்தது.

பந்தயம் நின்றதா? இல்லை. 157 பேர் புறப்பட்டு 60 பேர் முடித்தார்கள். வென்றவர் பொத்தெக்கியா, கொத்தனாராக இருந்த இத்தாலியர். மூன்று பேர் இறங்கினால் மூன்று இடம் காலி, அவ்வளவே. பெலிசியே 1935இல், 46 வயதில், சுடப்பட்டு மாண்டார். அது வீட்டுச் சண்டை, அதில் நமக்கு வேலையில்லை.

1978க்கு வருவோம். ஒரே நாளில் இரண்டு ஓட்டம், விடியுமுன் எழுப்பல், தூக்கம் கிடையாது. வாலான்ஸ் தாழான் என்ற ஊரில், கோட்டுக்குச் சற்று முன்னே எல்லாரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே கோட்டைக் கடந்தார்கள். முன்வரிசையில் பெர்னார் இனோ. அந்த ஓட்டமே ரத்தானது. அவ்வாண்டுப் பந்தயத்தையும் இனோவே வென்றார். இதையும் மறைக்கக் கூடாது: 1984இல் கப்பல் பட்டறைத் தொழிலாளர் சாலையை மறித்தபோது, இதே இனோ இறங்கிக் குத்துவிட்டார். அவருக்காகக் கைதட்ட நினைத்தவர்கள் பாதி தட்டினால் போதும்.

2016 முதல், பனியோ பெருமழையோ கடும் வெயிலோ என்றால், ஓட்டுவோரின் பிரதிநிதியும் உட்கார்ந்து பேசித்தான் பந்தயம் முடிவாகும். மழை நாளில் பெரட்டுக்குப் போய், மரம் நனைந்துவிட்டது, வேலையில்லை என்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் இந்த ஏற்பாட்டைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெர்ரி பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அடுத்து மழை நாள் கூலித் தீர்மானத்தைக் கிளைச் செயலாளர் வாசிப்பார்.